செங்கல் உதிரும் சுவர்: நீர் வந்த வழியும் பொறுப்பு போகும் வழியும்

கோடம்பாக்கத்திலும் அதை ஒட்டிய மேற்கு மாம்பலம், வடபழனி, சாலிகிராமம் பகுதிகளிலும் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட வீடுகளில், தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை காரை பொரிந்து, அதன் பின்னால் இருக்கும் செங்கல் செம்பொடியாக உதிர்ந்து கிடப்பது அரிதான காட்சி அன்று. அது கட்டடத்தின் கேடாகக் கருதப்படாமல் வீட்டின் அழகுக் குறையாகக் கருதப்பட்டு, பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்க வருபவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவர் உதிர்ந்த இடத்தைச் சுரண்டி, சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, வண்ணம் அடித்துத் தர, அடுத்த மழைக்காலம் கழிந்ததும் அதே இடமோ அதற்கு ஓரடி மேலோ மீண்டும் பொரிகிறது. படப்பிடிப்பு அரங்குகளுக்குப் பெயர்பெற்ற ஓர் ஊரில் ஒட்டுப்பலகையின் மீது பூச்சைப் பூசிச் சுவராகக் காட்டும் கலைக்குப் பஞ்சமில்லை. குடியிருக்கும் வீட்டின் சுவரும் அவ்வாறே நடத்தப்படுவது வேறு விஷயம்.

சுட்ட மண்ணாகிய செங்கல் தானாக மட்கும் பொருள் அன்று. காய்ந்த நிலையில் அது தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். அதைக் கெடுப்பது நீரும், நீரில் கரைந்து வரும் உப்புமே. சாதாரணச் சுட்ட களிமண் செங்கல்லுக்கான இந்தியத் தர நிர்ணயமாகிய ஐ.எஸ். 1077, ஒரு நாள் முழுதும் நீரில் ஊறிய கல் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது என்கிறது. அதாவது தரமானது என்று ஏற்கப்படும் மூன்று கிலோ எடையுள்ள கல்கூட அரை லிட்டருக்கும் மேற்பட்ட நீரைத் தன்னுள் வைத்துக்கொள்ள முடியும். சூளையில் சரியாக வேகாத வெளிர்நிறக் கல் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். நுண்துளைகள் வழியே ஏறிய நீர் சுவரின் முகத்தில் ஆவியாகும்போது, அதில் கரைந்திருந்த சல்பேட், குளோரைடு, நைட்ரேட் உப்புகள் பின்தங்குகின்றன. அவை வெளியே வெண்பொடியாகப் படிவதைக் கொத்தனார்கள் உப்புப் பூத்தல் என்பார்கள். அது பார்வைக்கு அசிங்கமே தவிர உடனடிக் கேடு அன்று. உப்பு மேற்பரப்புக்குச் சற்று உள்ளே, துளைகளுக்குள்ளேயே படிகமாக இறுகும்போதுதான், நனைந்து காயும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் படிகம் வளர்ந்து துளைகளை நெருக்க, கல்லின் முகம் செதில் செதிலாகப் பிரிந்து பொடியாகிறது. உப்பரிப்பு எனப்படுவது இதுதான்.

ஆகவே உதிர்ந்த கல்லைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி எந்தப் பூச்சைப் பூசுவது என்பதன்று, இந்த நீர் எங்கிருந்து வந்தது, அது யாருடைய நீர் என்பதே. பழுதுபார்க்கும் முறையும், அதன் செலவை யார் ஏற்க வேண்டும் என்னும் சட்டக் கேள்வியும் அந்த ஒரே விடையிலிருந்துதான் கிளைக்கின்றன.

நிலத்து ஈரம் சுவரில் ஏறாமலிருக்க, கடைக்காலுக்கும் மேல்சுவருக்கும் இடையில், பேஸ்மட்டத்தின் உயரத்தில், நீர்புகாச் சேர்மானம் கலந்த அடர்த்தியான கான்கிரீட் அடுக்கு ஒன்று இடப்படுகிறது. இந்த ஓதத் தடுப்பு அடுக்கைக் கட்டுமான வட்டாரத்தில் டி.பி.சி. என்றே சொல்வார்கள். ஓதம் என்பது சுவரில் ஏறி நிற்கும் ஈரம். கோடம்பாக்கத்தின் உட்தெருக்களில் இந்த அடுக்கு பயனற்றுப் போவதற்கான பெருங்காரணம் வீட்டுக்குள் இல்லை, வாசலுக்கு வெளியே இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய தாரைப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே வந்ததால், ஒரு காலத்தில் படி ஏறிச் சென்ற வீடுகள் பல இன்று படி இறங்கிச் செல்லும் வீடுகளாகியிருக்கின்றன. மழைநீர் உள்ளே வராமலிருக்க உரிமையாளர் வாசலையும் சுற்றுப்புறத்தையும் மண் கொட்டி உயர்த்துகிறார். அந்த மண் டி.பி.சி. அடுக்கைத் தாண்டிச் சுவரோடு ஒட்டி நிற்கிறது. அதன் பிறகு சுவர் கீழிருந்து குடிக்க வேண்டியதில்லை, பக்கவாட்டிலேயே குடித்துக்கொள்ளும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் மழையிலும் தாழ்வான தெருக்களில் நீர் தேங்கி நின்றபோது, இத்தகைய சுவர்கள் ஓர் ஆண்டில் குடிக்கும் நீரைச் சில நாள்களில் குடித்தன. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டிய பிறகே புதியதைப் போட வேண்டும், சாலையின் மட்டம் உயரக் கூடாது என்று அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு 2021-இல் துறைகளுக்கு அறிவுறுத்தினார். அதற்கு முன்பே உயர்ந்துவிட்ட தெருக்கள் அந்த அறிவுறுத்தலால் இறங்கிவிடவில்லை. ஜாக்கிகள் வைத்து முழு வீட்டையே தூக்கி உயர்த்தும் தொழில் சென்னையில் தழைத்திருப்பதன் பின்னணியும் இதுவே.

மற்ற நீர்வழிகள் இதைவிட எளியவை: மேல்வீட்டுக் குளியலறைக் கசிவு, சுவருக்குள் பதித்த குழாயின் ஊசித்துளை, சுவரை ஒட்டிய பாதாளச் சாக்கடைத் தொட்டி, மேல்நிலைத் தொட்டி வழிவது, அடுத்த வீட்டு ஏ.சி. குழாயிலிருந்து கோடைக்காலம் முழுதும் ஒரே இடத்தில் சொட்டும் நீர். இவற்றில் கழிவுநீர்க் கசிவு மிக மோசமானது. அது ஈரத்தோடு நைட்ரேட் உப்பையும் கொண்டு வந்து சேர்க்கிறது.

ஓதம் ஏறிய சுவரைச் சிமெண்டால் மூடுவது நீர் வெளியேறும் கதவைச் சாத்துவதாகும். சுவர் தன் முகத்தின் வழியேதான் காய்கிறது. அந்த முகத்தில் செறிவான சிமெண்ட் பூச்சும், அதன்மேல் நீர்புகா வண்ணமும் ஏறினால், ஈரம் ஆவியாக இடம் தேடிப் பூச்சு முடியும் உயரம் வரை ஏறுகிறது. பொரிப்பு ஓரடி மேலே இடம் மாறுவதன் காரணம் இதுதான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்ட பழைய சுவர்களுக்கு, அதாவது தேக்குச் சட்டங்களின் மீது சிறு செங்கற்களை அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளத்தோடு எஞ்சியிருக்கும் வீடுகளுக்கு, இந்தத் தீங்கு இரட்டிப்பாகும். சுண்ணாம்பு மென்மையானது, ஈரத்தை விடுவது, சுவரின் சிற்றசைவுக்கு வளைந்து கொடுப்பது, சிமெண்டோ இறுக்கமானது என்பதால் அழுத்தமும் உப்பும் சாந்தை விட்டுவிட்டுக் கல்லைத் தின்கின்றன. 2012 ஜனவரியில் தீக்கிரையான சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித் துறை மீட்டெடுத்தபோது சுண்ணாம்புக் கலவைக்கே திரும்பியது பழமைப் பற்றினால் மட்டுமன்று.

ஆபத்தின் அளவு, உதிர்வது எந்தச் சுவர் என்பதைப் பொறுத்தது. தூண்களும் உத்திரங்களும் தாங்கும் கான்கிரீட் சட்டகக் கட்டடத்தில் செங்கல் சுவர் வெறும் அடைப்பு. அங்கே நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் சில கற்கள் கெட்டால் தளம் இறங்காது. தூண்களே இல்லாமல் ஒன்பது அங்குலச் சுவர்கள் நேரடியாகத் தளத்தைச் சுமக்கும் வீட்டில், சுவரே தூண். தளம் அதன்மீது அமர்ந்திருக்கிறதா, மேல்மாடியில் அதே கோட்டில் இன்னொரு சுவர் எழுகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். ஒன்பது அங்குலத்தில் முகத்திலிருந்து இரண்டு அங்குலம் உதிர்ந்துவிட்டால், சுமக்கும் பருமன் குறைவதோடு, மேலிருந்து வரும் சுமை எஞ்சிய பகுதியின் நடுவே விழாமல் ஓரத்தில் விழுகிறது. சுவர் வெளிப்புறமாகப் பிதுங்கத் தொடங்குவது அப்படித்தான். நிலநடுக்க வரைபடத்தின் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஊறிய சுவர் என்ன செய்யும் என்பதைத் தமிழகம் அறியும். 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் ஊறிய உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் வீடுகளின் மீது சரிந்து 17 பேர் உறக்கத்திலேயே இறந்தனர். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் விழுந்து மாணவர்கள் மூவர் இறந்த பிறகே மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்கள் கணக்கெடுக்கப்பட்டு இடிக்கப்பட்டன. அதற்குப் பத்து நாள் கழித்து, டிசம்பர் 27 அன்று, திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடித் தொகுதி முழுதாகச் சரிந்தது, ஒருவரும் இறக்கவில்லை. விரிசலைக் கண்ட குடியிருப்போர் அதைப் பூசி மூடக் காத்திராமல் வெளியேறியிருந்தார்கள். முதலிரண்டு நிகழ்வுகளுக்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு பொறியியல் வேறுபாடு அன்று.

உடனே வெளியேற வேண்டிய அறிகுறிகள் சிலவே: விரிசல் நாள்தோறும் அகலுவது, கதவும் சன்னலும் திடீரென இறுகிக்கொள்வது, சுவர் பிதுங்கி நிற்பது, இரவில் காரைத் துகள் விழும் ஓசை தொடர்ந்து கேட்பது. அவசரமில்லாத நிலையில் உரிமையாளர் தாமே செய்யத்தக்க எளிய சோதனைகளும் உண்டு. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்தால் ஒட்டி, அருகே தேதியை எழுதி வைத்தால், அது உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள். ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் நாடாவால் ஒட்டி இரண்டு நாள் விட்டால், தாளின் உட்புறம் வியர்த்திருப்பின் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, வெளிப்புறம் வியர்த்திருப்பின் அது அறையின் காற்றிலுள்ள ஈரம். சுத்தியலின் கைப்பிடியால் தட்டும்போது எழும் வெற்றொலி, பூச்சு கல்லை விட்டுப் பிரிந்துவிட்டதைக் காட்டும். நனைந்த சுவருக்குள் மின்கம்பி ஓடுமானால் தட்டுவதற்கு முன்பே மெயின் சுவிட்சை அணைப்பது கட்டாயம். மழைக்காலத்தில் செங்கல் ஆளைக் கொல்லும் முன் மின்சாரம் கொன்றுவிடும்.

நீர்வழி அடைபட்ட பிறகே கல்லைத் தொட வேண்டும். சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை டி.பி.சி. மட்டத்துக்குக் கீழே வெட்டி இறக்கி, சுவரிலிருந்து விலகி நீர் ஓடும்படிச் சரிவாகத் தளம் போடுவது இருக்கும் மருந்துகளில் மலிவானது, விளம்பரமும் இல்லாதது. அடுக்கே இல்லாத சுவரில் துளையிட்டு நீர்விலக்கு வேதிப்பொருளைச் செலுத்தும் முறை உண்டெனினும், பக்கவாட்டு மண் அப்படியே நிற்கும்போது அதற்குக் கொடுக்கும் பணம் வீண். அதன்பின் கெட்ட பகுதிக்கு ஓரடி அப்பால் வரை பழைய பூச்சை உரித்து, சுவரைச் சில வாரங்களேனும் காயவிட்டு, வெளிவரும் உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ள வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போகும். ஆசிட் ஊற்றுவது கல்லையும் சாந்தையும் ஒருங்கே அரிக்கும்.

கல் மாற்றுவதில் முதலில் தொட வேண்டியது கல்லைச் சுற்றியுள்ள சாந்தை. மேல் இணைப்பில் நெருக்கமாகச் சிறு துளைகள் இட்டு, தட்டை உளியால் சாந்தைச் சுரண்டிக் கல்லை மூன்று பக்கமும் விடுவித்துவிட்டால், அது அண்டைக் கற்களோடு உறவற்றுப் போகிறது. பிறகு கல்லின் நடுவில் உளியை வைத்து உடைத்துத் துண்டுகளாக எடுக்கலாம், பக்கத்துக் கல் அசையாது. நேரம் மிச்சம் என்று பிரேக்கர் இயந்திரத்தை வைத்தால், ஒரு கல்லை எடுப்பதற்குள் அதன் அதிர்வு சுற்றியுள்ள பத்துக் கற்களின் சாந்தைத் தளர்த்திவிடும். ஒன்பது அங்குலச் சுவரில் முகக்கல் மட்டும் கெட்டிருந்தால் உட்கல்லைத் தொடாமல் அந்த நாலரை அங்குலத்தை மட்டும் மாற்றினால் போதும். குழியைத் தூசியின்றித் துடைத்து, நனைத்து, புதிய கல்லை நீரில் குமிழி வருவது நிற்கும் வரை ஊறவைத்து, மேற்பரப்பு ஈரம் வடிந்ததும் எடுக்க வேண்டும். ஊறாத கல் சாந்தின் நீரை உறிஞ்சி, அது இறுகுவதற்குள் அதைப் பொடியாக்கிவிடும்.

கல்லின் அளவும் கவனத்துக்குரியது. தர நிர்ணயத்தில் 190 x 90 x 90 மில்லிமீட்டர், 230 x 110 x 70 மில்லிமீட்டர் என இருவகை அளவுகள் உள்ளன. பழைய வீட்டின் கல் இவ்விரண்டிலும் அடங்காமலும் போகலாம் என்பதால், கடைக்குப் போகும் முன் பழைய கல்லின் உயரத்தை அளந்துகொள்ள வேண்டும். இடிப்புப் பொருள் விற்பவர்களிடம் பழைய கல் கிடைக்கும். அதில் தரைமட்டச் சுவரின் கல்லைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அது உப்பையும் உடன் கொண்டு வரும். களிமண் கல் சுவரில் சிமெண்ட் கல்லையோ ஃபிளை ஆஷ் கல்லையோ செருகினால் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கி இணைப்பில் விரிசல் காணும்.

கலவை கல்லைவிட வலியதாக இருக்கக் கூடாது என்பதே விதி. செறிவான கலவை நல்லது என்னும் நம்பிக்கையால் கெட்ட சுவர்கள் ஏராளம். சிமெண்டில் கட்டிய சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல், அல்லது சிமெண்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு என்பது போதும். சுண்ணாம்பில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்பும் மணலும் மட்டுமே. உவர்ப்பான போர்வெல் நீரில் கலவை போடுவது, துரத்திய உப்பைத் திரும்ப அழைத்து வருவதாகும். குழியின் அடியிலும் இரு பக்கங்களிலும், கல்லின் மேல்முகத்திலும் கலவையை இட்டுக் கல்லைத் தள்ளி, ரசமட்டம் பார்த்து அமர்த்திய பின் எஞ்சுவது மேல் இணைப்பு. சற்று உலர்ந்த கலவையை மெல்லிய கம்பியால் சிறிது சிறிதாக உள்ளே இடித்து அதை நிரப்ப வேண்டும். பெரும்பாலான ஏமாற்று நடப்பது இந்த அரை அங்குலத்தில்தான். முகப்பில் மட்டும் கலவையைத் தீற்றிப் பூசிவிட்டால் வெளியே தெரியாது, அந்தக் கல் சுவரில் இருக்கும், சுவரைத் தாங்காது. அடுத்தடுத்த கற்கள் கெட்டிருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி, ஏழு நாள் நீர்விட்டு ஆற்றிய பிறகே இடையில் விட்டவற்றை எடுக்க வேண்டும். ஒரு வரிசை முழுவதையும் ஒரே நாளில் உருவும் கொத்தனாரை அங்கேயே நிறுத்துவது நலம். உத்திரத்தின் முனை அமரும் இடத்துக்குக் கீழும், லிண்டல் தாங்கும் சன்னல் ஓரங்களிலும், தளத்துக்கு ஜாக்கி முட்டு வைக்காமலும் கட்டமைப்புப் பொறியாளர் பாராமலும் ஒரு கல்லையும் எடுக்கலாகாது. கல்லை உடைக்கும்போது எழும் தூசியில் நுரையீரலை இறுகச் செய்யும் சிலிக்கா இருப்பதால், நனைத்து உடைப்பதும் முகக்கவசம் தருவதும் வேலைக்கு அழைத்தவரின் கடமை; கொத்தனாரும் சித்தாளும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களா என்று கேட்டுவைப்பது இரு தரப்புக்கும் காப்பு.

பூச்சு வேலை, ஒட்டு வேலை ஆகியவற்றுக்குத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி திட்ட அனுமதி தேவையில்லை. பாரம்பரியக் கட்டடங்களுக்கு இவ்விலக்கு பொருந்தாது. சுமை தாங்கும் சுவரை அகற்றுவதும் அமைப்பை மாற்றுவதும் பழுதுபார்ப்பு என்னும் பெயரில் நடந்தாலும் அனுமதிக்குரியவை.

வாடகை வீட்டில் பொறுப்பு யாருடையது என்பதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017, வாடகைதாரரின் செயலால் நேர்ந்த சேதம் தவிர்த்த கட்டமைப்புப் பழுதுகளையும், வெள்ளையடிப்பதையும், குழாய் மாற்றுவதையும் உரிமையாளரின் தலையில் வைக்கிறது. அவர் மறுத்தால் வாடகைதாரர் தாமே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளவும், வீடு குடியிருக்கத் தகாத நிலைக்குப் போனால் எழுத்து அறிவிப்பு கொடுத்து வெளியேறவோ வாடகை அதிகாரியை அணுகவோ இடம் தருகிறது. ஆயினும் உதவி இயக்குநர்களும் தனியாகத் தங்கும் ஊழியர்களும் வாய்ப்பேச்சில் குடியேறும் கோடம்பாக்கத்தில் இந்த உரிமை கேட்கப்படுவது குறைவு. ஒப்பந்தம் எழுத்தில் இல்லை, பதிவும் இல்லை என்பது ஒரு காரணம். காலி செய்தால்தான் பழுதுபார்க்க முடியும் என்னும் நிலை, இதே சட்டத்தின்படி வெளியேற்றுவதற்கு ஒரு காரணமாகவும் இருப்பது இன்னொன்று. சுவரைப் பற்றிப் புகார் சொன்னால் வீடே போய்விடும் என்னும் அச்சம் ஆதாரமற்றது அன்று. எனவே முதல் புகாரை வாட்ஸ்அப் செய்தியாகவேனும், படத்துடனும் தேதியுடனும் எழுத்தில் அனுப்பிவைப்பதே வாடகைதாரரின் முதல் காப்பு.

அடுக்குமாடியில் வெளிச்சுவரும் சுமை தாங்கும் சுவரும் எந்த வீட்டுக்காரருக்கும் தனியுடைமை அல்ல. அவை பொதுப் பகுதிகள், செலவு அனைவருக்கும் பொது. தரைத்தளத்துக்காரரின் ஓதம் அவர் பாடு என்று சங்கக் கூட்டத்தில் சொல்லப்படுவதற்குச் சட்ட அடிப்படை இல்லை. மேல்வீட்டுக் குளியலறையின் கசிவோ அந்த வீட்டாரின் பொறுப்பு. கெட்ட கட்டடத்தைப் பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா என்னும் நிலை வந்தால், 2024 மார்ச் முதல் செயல்படும் தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம், 2022 மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதலைப் போதுமாக்கியிருக்கிறது.

புதிய வீட்டில் செங்கல் உதிர்ந்தால் வழி வேறு. ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறையைக் கட்டியவர் 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். இங்கே கோடம்பாக்கத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மிகாத மனை, அல்லது எட்டு வீட்டுக்கு மிகாத திட்டம் என்றால் ரெரா பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, இரண்டு கிரவுண்டு சேர்ந்தாலும் 446 சதுர மீட்டர்தான். பழைய தனிவீடுகளை இடித்து இப்பகுதியில் எழும் சிறு அடுக்குமாடிகள் மிகப்பல இந்த வரம்புக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. அவற்றை வாங்கியவர்களுக்கும், பழுதுபார்ப்புக்குப் பணம் கொடுத்து ஏமாந்தவர்களுக்கும் உறுதியான வழி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை. குறை வெளிப்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டு காலவரம்பு. தேசிய உதவி எண் 1915.

அண்டைவீட்டுச் சுவர் சாயும் நிலையில் இருந்தால், மாநகராட்சியின் 1913 எண்ணிலும் கோடம்பாக்கத்துக்குரிய பத்தாவது மண்டலத்திலும் எழுத்துப் புகார் தரலாம். அபாயமான கட்டடத்தைத் தாங்கவோ பழுதுபார்க்கவோ இடிக்கவோ உரிமையாளருக்கு அறிவிப்பு கொடுக்கும் அதிகாரம் ஆணையருக்கு உண்டு. மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் மனுச் செய்வது இணையான வழி. விழுந்து ஆள்களைக் காயப்படுத்தக்கூடிய கட்டடத்தை அகற்றவும் முட்டுக்கொடுக்கவும் அதன்படி நிபந்தனை ஆணை பிறப்பிக்கலாம். இடிக்கும்போதும் பழுதுபார்க்கும்போதும் அலட்சியமாக இருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 290-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் ஆகியவற்றுக்குரிய குற்றம். 2023 ஜனவரி 27 அன்று அண்ணா சாலையில், இடிக்கப்பட்டுக்கொண்டிருந்த பழைய கட்டடத்தின் சுவர் நடைபாதையில் விழுந்து இளம்பெண் ஒருவர் இறந்ததை நினைத்தால், அந்தத் தொகை எவ்வளவு சிறியது என்பது விளங்கும். பக்கத்து மனையில் கடைக்கால் தோண்டத் தொடங்கும் முன்பே தம் சுவரின் ஒவ்வொரு முகத்தையும் படமெடுத்து, ஒரு பிரதியை அடுத்தவருக்கும் அனுப்பிவிடுவது நல்லது. பனகல் பூங்காவிலிருந்து நிலத்தடியில் வந்து கோடம்பாக்கத்தில் மேலேறி ஆற்காடு சாலையில் செல்லும் மெட்ரோ பாதையை ஒட்டி வசிப்போருக்கும் இது பொருந்தும். தெரு உயர்வதே காரணமென்றால், தார் போடும் பணியின் மதிப்பீட்டில் பழைய பரப்பைச் சுரண்டும் வேலை இருக்கிறதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் கேட்டால் 30 நாளில் விடை தர வேண்டும். தார் வண்டி வந்து நின்ற பிறகு கேட்பதில் பயன் குறைவு.

இந்த வழிகள் எல்லாவற்றிலும் ஒரு முரண் இருக்கிறது: பழுதுபார்ப்பு முடிந்தவுடன் பழுதுக்கான சாட்சியமும் அழிந்துவிடுகிறது. பூசிய சுவரைக் காட்டி, உள்ளே கல் வெந்திருக்கவில்லை என்றோ மேல்வீட்டு நீர் வந்தது என்றோ மெய்ப்பிக்க முடியாது. வழக்குக்குப் போகும் எண்ணமிருந்தால், சுவரைத் தொடுவதற்கு முன் நுகர்வோர் ஆணையத்தின் வழியே வல்லுநர் ஆய்வு கோருவது முறை. அதுவரை காத்திருக்கச் சுவர் இடம் தராவிட்டால், பூச்சை உரிக்கும் முன்னும் பின்னும் அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்து, பொறியாளரின் எழுத்துக் கருத்தை வாங்கிக்கொண்டு, உருவியெடுத்த கற்களில் நான்கைந்தைக் குப்பைக்குப் போகாமல் தடுத்து, எடுத்த இடமும் தேதியும் எழுதிய பாலித்தீன் பையில் கட்டிவைக்க வேண்டும். உறுதி, நீர் உறிஞ்சல், உப்புப் பூத்தல் ஆகியவற்றைச் சோதிக்கும் முறையை ஐ.எஸ். 3495 வகுத்திருக்கிறது, அச்சோதனையைக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்துதரும் ஆய்வகங்கள் சென்னையில் இருக்கின்றன, அவை கேட்பது முழுக் கற்களை.